விடைத்தாளில் நாம் சிரிக்கும் இடங்கள்

"நீலகிரி மாவட்டத்தின் மிக உயரமான சிகரம் தொட்டபெட்டா என்றால் அது மிகையாகாது."

2,637 மீட்டர் என்று அளந்து வைத்திருக்கும் சிகரத்தைப் பற்றி யார் மிகைப்படுத்தப் போகிறார்கள்? விடைத்தாள் திருத்தும் அறையில் ஒருவர் இப்படி ஒரு வரியை உரக்கப் படித்தால், நான்கு மேசை தள்ளி உட்கார்ந்திருப்பவரும் பேனாவை வைத்துவிட்டுச் சிரிப்பார். உடனே அவர் பங்குக்கு ஒன்றை எடுத்து விடுவார். கால் மணி நேரம் அறை களைகட்டும். கல்லூரி ஆசிரியர்கள் கூடும் இடங்களில் சம்பளக் குழுவுக்கும் இடமாறுதலுக்கும் அடுத்தபடியாகப் பேசப்படுவது இதுதான் என்று நினைக்கிறேன்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இந்தக் கட்டுரையில் வரும் தவறான விடைகள் எவையும் ஒரு மாணவர் தன் தாளில் எழுதியவை அல்ல. இந்த மலையில் பாடம் நடத்துபவன் என்ற முறையில் அடிக்கடி பார்க்கும் வகைகளைக் காட்ட நானே அமைத்தவை. ஏன் அப்படி என்பதற்கான காரணம் கட்டுரையின் பிற்பகுதியில் வருகிறது.

முதலில், ஏன் இவ்வளவு சிரிப்பு வருகிறது? திருத்தும் வேலை நடக்கும் விதத்தைப் பார்த்தால் பாதி புரியும். நீலகிரிக் கல்லூரிகள் கோவையிலுள்ள பாரதியார் பல்கலைக்கழகத்தோடு இணைந்தவை. பருவத் தேர்வு முடிந்து மதிப்பீட்டு முகாம் அறிவிக்கப்பட்டதும், குன்னூர் வழியாகவோ கோத்தகிரி வழியாகவோ மேட்டுப்பாளையம் இறங்கி, ஸ்வெட்டரைக் கழற்றிப் பையில் திணித்துக்கொண்டு சமவெளி வெயிலுக்குள் போவோம். பதிவெண் மறைக்கப்பட்டு டம்மி எண் இடப்பட்ட தாள்கள் கட்டுக்கட்டாக வரும். காலையில் ஒரு கட்டு, பிற்பகலில் ஒரு கட்டு. பக்கத்தில் விடைக்குறிப்பு. ஒரே கேள்விக்கு ஒரே விடை. ஒரே கைடிலிருந்து வந்த ஒரே வாக்கியம். அந்தக் கைடில் அச்சுப் பிழை இருந்தால் அதுவும் அதே இடத்தில். பத்தாவது தாளுக்கு மேல் கண் வரிகளைப் படிப்பதை விட்டுவிட்டு அடையாளச் சொற்களை மட்டும் தேடத் தொடங்கிவிடும். அந்தச் சலிப்பின் நடுவே, அச்சில் இல்லாத ஒரு வரி திடீரென்று எதிர்ப்பட்டால் மனம் விழித்துக்கொள்கிறது. சிரிப்பில் பாதி அந்த விழிப்புக்கு உரியது. அதே வரியை மாலையில் வீட்டில் சொன்னால் யாரும் அவ்வளவு சிரிப்பதில்லை என்பதை எல்லாத் திருத்துநர்களும் அறிவார்கள்.

மீதிப் பாதியைப் பற்றித் தொல்காப்பியம் சொல்லியிருக்கிறது. மெய்ப்பாட்டியலில் நகை பிறக்கும் நிலைக்களன்கள் நான்கு: எள்ளல், இளமை, பேதைமை, மடன். நான்கும் விடைத்தாள் அறையில் வந்து உட்கார்ந்திருக்கின்றன. எள்ளல், நம் பக்கம். இளமை, எழுதிய பிள்ளையின் பக்கம். மற்ற இரண்டும்தான் கவனிக்க வேண்டியவை. இரண்டும் அறியாமையைத்தானே குறிக்கின்றன, ஏன் தனித்தனியாக வைத்தார்கள் என்று தோன்றும். பழைய உரைகாரர்கள் பிரித்துக் காட்டுகிறார்கள். பேதைமை என்பது அறிவின்மை. மடன் என்பதோ, 'கொளுத்தக் கொண்டு கொண்டது விடாமை'. அதாவது, ஒருவர் அறிவுறுத்தியதை ஏற்று, ஏற்றதை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது.

விடைத்தாளில் நம்மைச் சிரிக்க வைப்பவற்றில் பேதைமை குறைவு, மடன்தான் அதிகம் என்பது என் கட்சி. ஒன்றுமே தெரியாத மாணவரின் தாள் சிரிப்பு மூட்டுவதில்லை. அது வெறுமையாக இருக்கும், அல்லது கேள்வியையே நான்கு முறை திருப்பி எழுதியிருக்கும், அல்லது பக்கத்தைச் சாண் கணக்கில் அளந்து மதிப்பெண் போடுவார்கள் என்ற தொன்மையான நம்பிக்கையில் நடுவே ஒரு சினிமாக் கதையைக் கொண்டிருக்கும். சிரிக்க வைக்கும் விடையை எழுத, பாதியாவது படித்திருக்க வேண்டும்.

தொட்டபெட்டா வரியையே எடுத்துக்கொள்வோம். 'என்றால் அது மிகையாகாது' என்ற தொடரை அந்தப் பிள்ளை எங்கே கற்றது? எங்களிடம்தான். கல்லூரி விழா மேடையில், வரவேற்புரையில், இலக்கிய மன்றத் தொடக்கத்தில், வாய்க்கு வாய் நாங்கள் சொல்லும் தொடர் அது. படித்தவர்கள் ஒரு செய்தியை எடுப்பாகச் சொல்ல இப்படித்தான் முடிப்பார்கள் என்று பிள்ளை கவனித்திருக்கிறது. சரியான முடிவு. இடம்தான் தவறிவிட்டது. 'பொன்னெழுத்துகளால் பொறிக்கப்பட வேண்டியது' மண்புழு உரத்துக்கு வந்து சேர்வதும், 'காலத்தால் அழியாதது' பிளாஸ்டிக் கழிவுக்கு வந்து சேர்வதும் (இது பொருத்தமும்கூட) இப்படித்தான். அமெரிக்காவில் டேவிட் பார்த்தலோமே என்ற பேராசிரியர் 1985இல் இதை விளக்கி எழுதினார்: புதிதாகக் கல்லூரிக்குள் வரும் மாணவர், அங்கே பேசப்படும் மொழி தனக்குக் கைவருவதற்கு முன்பே அந்த மொழியில் பேசியாக வேண்டிய கட்டாயத்தில் இருக்கிறார், அதனால் பேசுவதுபோல் பாவனை செய்கிறார். நம் பிள்ளைகள் செய்வதும் அந்தப் பாவனைதான். பார்த்து நடிக்க அவர்களுக்கு அமைந்தவர்கள் நாங்கள்.

அடுத்த பெரிய ஊற்று, நோட்ஸ் சொல்லி எழுத வைக்கும் வழக்கம். ஆசிரியர் சொல்லச் சொல்லக் காதில் விழுந்ததை ஓட்டமாக எழுத வேண்டும். எழுதியதைச் சரிபார்க்க நேரமில்லை. புத்தகமும் பெரும்பாலும் கையில் இல்லை. 'ஒத்துழையாமை இயக்கம்' வரி முடிவில் உடைந்து 'ஒத்துழை ஆமை இயக்கம்' ஆகிவிடும். 'காந்தியடிகள் சட்டை மறுப்பு இயக்கம் நடத்தினார்' என்று ஒரு விடை வந்தால் அறையே அதிரும். சிரித்து முடித்த பிறகு கொஞ்சம் நிதானிக்கலாம். சட்ட மறுப்பு இயக்கம் 1930இல் தொடங்கியது. ஆனால் காந்தி சட்டையை மறுத்ததும் உண்மை. 1921 செப்டம்பரில், மதுரையில். தமிழ்நாட்டுப் பிள்ளைகள் ஆரம்பப் பள்ளியிலிருந்து கேட்டுவரும் கதை அது. காதில் விழுந்த ஒலி தெளிவில்லாதபோது, தனக்குத் தெரிந்த காந்தியோடு பொருந்தும் சொல்லைப் பிள்ளை தேர்ந்தெடுத்திருக்கிறது. தெரியாததைத் தெரிந்ததைக் கொண்டு நிரப்புவது அறிவின் அடிப்படை வேலைகளில் ஒன்று. அந்த விடைக்கு மதிப்பெண் கொடுக்க முடியாது என்பது வேறு விஷயம்.

தெரிந்ததைக் கொண்டு நிரப்புவதில் நீலகிரிக்கென்று ஒரு தனி நிறம் உண்டு. பாடத்திட்டம் சமவெளியில் எழுதப்படுகிறது, படிப்பவர்கள் மலையில் இருக்கிறார்கள். இதில் வேடிக்கை என்னவென்றால், தமிழ் இலக்கியத்தில் மலைக்கு முதல் இடம். குறிஞ்சித் திணையின் கருப்பொருள்களை எழுது என்று கேள்வி வரும். தினைப்புனம், கிளி கடிதல், தேன் அழித்தல், கிழங்கு அகழ்தல் என்று விடைக்குறிப்பு சொல்லும். கோத்தகிரிப் பக்கத்திலிருந்து வரும் பெண் தினைப்புனத்தைப் பார்த்ததில்லை. அவள் அம்மா விடிந்ததும் கூடையை எடுத்துக்கொண்டு போவது தேயிலைத் தோட்டத்துக்கு. 'குறிஞ்சி நிலத்தின் தொழில் தேயிலை பறித்தல்' என்று அவள் எழுதினால் தவறுதான். தேயிலை இந்த மலைக்கு 19ஆம் நூற்றாண்டில்தான் வந்தது. சங்கப் புலவர் யாரும் அதைக் குடித்ததில்லை. ஆனால் மலையும் மலை சார்ந்த இடமும் குறிஞ்சி என்ற இலக்கணத்தைச் சரியாகப் பிடித்துக்கொண்டு, தன் மலையில் நடக்கும் தொழிலை அங்கே வைத்திருக்கிறாள். திணை என்றால் என்னவென்று புரியாத ஒருவரால் இந்தத் தவறைச் செய்ய முடியாது.

பெரும்பொழுதுகள் ஆறு என்பதில் இன்னும் சுவையான இடறல்கள் நேரும். 'பெரும்பொழுது இரண்டு வகைப்படும்: முதல் சீசன், இரண்டாம் சீசன்.' ஊட்டியில் ஏப்ரல் மே மாதங்கள் முதல் சீசன். செப்டம்பர் அக்டோபர் இரண்டாம் சீசன். விடுதி, டாக்சி, கடை, குதிரை என்று குடும்பத்தின் ஆண்டு வருமானமே இந்த இரண்டு சொற்களைச் சுற்றி அமைந்திருக்கும் ஊரில், ஆண்டை எப்படிப் பிரிப்பார்கள் என்று கேட்டால் வேறு என்ன விடை வரும்? 'முன்பனி'யும் அப்படித்தான். சமவெளி ஆசிரியருக்குப் பனி என்பது விடியற்காலையில் புல்நுனியில் நிற்கும் நீர்த்துளி. தலைக்குந்தாப் பக்கத்துப் பிள்ளைக்கோ பனி என்பது டிசம்பர் சனவரியில் புல்வெளியை வெள்ளையாக்கி, தேயிலைச் செடியையும் உருளைக்கிழங்குச் செடியையும் கருக்கிவிட்டுப் போகும் உறைபனி. 'பனிக்காலத்தில் செடிகள் கருகும்' என்று அந்தப் பிள்ளை எழுதினால், விடைக்குறிப்போடு உட்கார்ந்திருக்கும் சமவெளித் திருத்துநர் அதைப் பிதற்றல் என்று சுழித்துவிடக்கூடும். அங்கே அறியாமை மேசையின் எந்தப் பக்கம் இருக்கிறது?

எழுத்துப் பிழைகளுக்கு வருகிறேன். அறச்சாலை 'அரச்சாலை' ஆவதும், பள்ளிக்குப் போனவன் 'பல்லி'க்குப் போவதும் ஊரெல்லாம் உள்ளதே. ர, ற இரண்டையும் பெரும்பாலான தமிழர்கள் பேச்சில் ஒரே மாதிரிதான் ஒலிக்கிறார்கள். ந, ன கதையும் அதுவே. ழகரம் பல வட்டாரங்களில் ளகரமாகி நெடுங்காலம் ஆயிற்று. காதால் பிரித்தறிய முடியாததைக் கண்ணால் மனப்பாடம் செய்துதான் எழுத வேண்டும். திருத்துநரும் அப்படி மனப்பாடம் செய்தவர்தான். முப்பது ஆண்டு முன்னால் செய்தார் என்பதே வேறுபாடு.

நீலகிரி வகுப்பறையில் இந்தக் கணக்கு இன்னும் சிக்கலாகிறது. ஒரே பெஞ்சில் நான்கு வீட்டு மொழிகள் உட்கார்ந்திருக்கும். படுகு பேசும் வீட்டுப் பிள்ளை. கூடலூர், பந்தலூரிலிருந்து வரும் மலையாள வீட்டுப் பிள்ளை. 1964ஆம் ஆண்டு சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கையிலிருந்து வந்து, அரசுத் தேயிலைத் தோட்டங்களில் குடியமர்த்தப்பட்டவர்களின் பேரப்பிள்ளை. எப்போதாவது ஒரு தோடர் அல்லது கோத்தர் வீட்டுப் பிள்ளை. இவர்களில் ர, ற வேறுபாட்டைக் காதாலேயே அறிந்தவர் யார் தெரியுமா? மலையாள வீட்டுப் பிள்ளைதான். மலையாளம் அந்த இரண்டையும், ல, ள, ழ மூன்றையும் பேச்சில் இன்றும் பிரித்தே வைத்திருக்கிறது. தோடர் மொழி இன்னும் ஒரு படி மேல். நாக்கை உருட்டும் ரகர ஒலிகள் வாய்க்குள் மூன்று வெவ்வேறு இடங்களில் பிறந்து, மூன்றும் பொருளை வேறுபடுத்தும் மொழி அது. எமனோ என்ற மொழியியல் அறிஞர் 1930களில் இந்த மலையில் தங்கி ஆராய்ந்ததிலிருந்து உலக மொழியியலாளர்கள் இதன் ஒலிகளை வியந்து எழுதி வருகிறார்கள். பேசுவோர் ஏறத்தாழ 2,000 பேர் மட்டுமே. அப்படி ஒரு வீட்டிலிருந்து வந்த பிள்ளை தமிழ்த் தேர்வில் 'மரவர்' என்று எழுதினால், ர, ற இரண்டையும் ஒன்றாகவே உச்சரிக்கும் ஆசிரியர்கள் கூடிச் சிரிப்பதை நினைத்துப் பாருங்கள்.

தாய்மொழி ஒன்று, கற்கும் மொழி ஒன்று என்று இருக்கும்போது பிழைகள் தாறுமாறாக வருவதில்லை. ஓர் ஒழுங்கோடு வருகின்றன. இதை 1967இல் தெளிவாக எடுத்துச் சொன்னவர் பிட் கார்டர் என்ற பிரிட்டிஷ் மொழியியலாளர். கை தவறி நேர்வது ஒன்று. அதை எழுதியவரே சுட்டிக்காட்டினால் திருத்திக்கொள்வார். மற்றொன்று, கற்பவர் தன் மனத்தில் அமைத்துக்கொண்டிருக்கும் விதியிலிருந்து பிறப்பது. அதை அவர் பிழையென்றே உணர்வதில்லை. இரண்டாவது வகை ஆசிரியருக்குக் கிடைத்த தகவல் என்றார் கார்டர். கணக்கிலும் இப்படியே. 52இலிருந்து 37ஐக் கழித்து 25 என்று எழுதும் குழந்தை கவனமின்றி எழுதவில்லை. 'பெரியதிலிருந்து சிறியதைக் கழி' என்று கற்றதை ஒவ்வோர் இலக்கத்திலும் விடாமல் கடைப்பிடித்து, 7இலிருந்து 2ஐக் கழித்திருக்கிறது. பிரவுன், பர்ட்டன் என்ற இரு ஆய்வாளர்கள் 1978இல் இத்தகைய நிலையான தவறான வழிமுறைகளைக் கணினியில் வகைப்படுத்திக் காட்டினார்கள். கொளுத்தக் கொண்டு, கொண்டது விடாமை.

இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்தவர் மீனா ஷாக்னசி. நியூயார்க் நகரப் பல்கலைக்கழகம் 1970இல் உயர்நிலைப் பள்ளி முடித்த எல்லோருக்கும் கதவைத் திறந்தது. அதுவரை கல்லூரியை எட்டிப் பார்க்காத குடும்பங்களிலிருந்து ஆயிரக்கணக்கில் பிள்ளைகள் வந்தார்கள். அவர்கள் எழுதியதைப் பார்த்த பேராசிரியர்கள் தலையில் கை வைத்தார்கள், சிரிக்கவும் செய்தார்கள். ஷாக்னசி அந்த நுழைவுக் கட்டுரைகளில் ஏறத்தாழ 4,000த்தை எடுத்து வைத்துக்கொண்டு, பிழைகளுக்குப் பின்னால் என்ன தருக்கம் இருக்கிறது என்று ஒவ்வொன்றாகப் படித்தார். 1977இல் வெளிவந்த அவர் ஆய்வு, கல்லூரியில் எழுதக் கற்றுக்கொடுக்கும் முறையையே மாற்றியது. இந்தப் பிள்ளைகள் மூளையில்லாதவர்கள் அல்லர், எழுத்துக்குப் புதியவர்கள் என்றார் அவர். முதல் பட்டதாரி சான்றிதழைத் தாசில்தார் அலுவலகத்தில் வாங்கிக்கொண்டு நம் வகுப்பில் வந்து உட்காரும் பிள்ளையை நினைக்காமல் அந்த வரலாற்றைப் படிக்க முடிவதில்லை.

'அந்தக் காலத்துப் பிள்ளைகள் இப்படியா எழுதினார்கள்?' என்ற புலம்பல் சிரிப்போடு கூடவே வரும். அமெரிக்கக் கல்லூரி மாணவர்களின் கட்டுரைகளில் 100 சொல்லுக்கு எத்தனை பிழை என்று வெவ்வேறு காலங்களில் எண்ணிய ஆய்வுகள் உள்ளன. 1917இல் 2.11, 1930இல் 2.24, 1986இல் 2.26, 2006இல் 2.45. ஏறத்தாழ ஒரு நூற்றாண்டில் இவ்வளவுதான் நகர்ந்திருக்கிறது. அதிலும் 1986க்கும் 2006க்கும் இடையில் மாணவர் கட்டுரையின் சராசரி நீளம் இரு மடங்குக்கும் மேலாகிவிட்டது. பிழையின் வகைதான் மாறியிருக்கிறது: முன்பு எழுத்துப் பிழை முதலிடத்தில் இருந்தது, கணினி அதைத் திருத்தத் தொடங்கியபின் தவறான சொல் முதலிடத்துக்கு வந்தது. தமிழிலும் கைப்பேசியில் தட்டச்சு செய்த ஒப்படைப்புகளில் இதைக் காணலாம். எழுத்து சுத்தமாக இருக்கும், சொல்தான் வேறாக இருக்கும்.

மாணவர் தவறுகளைத் தொகுத்துச் சிரிக்கும் வழக்கமும் பழையது. புரூக்ளின் பள்ளி ஆசிரியை கரோலின் லெ ரோ திரட்டி வைத்திருந்த விடைகளை வைத்து மார்க் ட்வெய்ன் 1887இல் ஒரு கட்டுரை எழுதினார். நகைச்சுவைக்குப் பேர்போன அவரே, வயிறு குலுங்கச் சிரிக்க வைத்துவிட்டு, கேள்விகள் பிள்ளைகளின் எட்டுக்கு மிகத் தொலைவில் இருக்கின்றனவே என்று கல்விமுறையின் பக்கம் விரலைத் திருப்பினார். 1931இல் வெளிவந்த இதுபோன்ற ஒரு தொகுப்புக்குப் படம் வரைந்தவர், பின்னாளில் குழந்தைகளின் அன்புக்குரிய எழுத்தாளரான டாக்டர் சூஸ்.

தொகுப்புகளில் கணிசமானவை இட்டுக்கட்டியவை என்பதையும் சொல்ல வேண்டும். திப்பு சுல்தான் எந்தப் போரில் இறந்தார் என்ற கேள்விக்கு 'அவருடைய கடைசிப் போரில்' என்று ஒரு மாணவர் எழுதினாராம். ராவி நதி எந்த மாநிலத்தில் ஓடுகிறது என்பதற்கு 'திரவ நிலையில்' என்றாராம். இரண்டாவது, மாநிலம், நிலை இரண்டையும் குறிக்கும் 'ஸ்டேட்' என்ற சொல்லை வைத்த ஆங்கிலச் சிலேடை. தமிழ்வழி மாணவருக்கு அது தோன்ற வழியே இல்லை. ஆனாலும் தன் கல்லூரி மாணவர் எழுதியதாகவே இதை ஒவ்வொருவரும் சத்தியம் செய்து சொல்வார்கள். இட்டுக்கட்டியதில் ஒரு கச்சிதம் இருக்கும், கடைசிச் சொல்லில் வெடிக்கும். உண்மையான பிழை கோணலாக, பாதி வாக்கியமாக, பாடத்திட்டம் தெரிந்தால் மட்டுமே புரிவதாக இருக்கும்.

யார் எழுதினார் என்பதைப் பொறுத்தே ஒன்று பிழையாகவும் சிரிப்பாகவும் தென்படுகிறது. ஜோசஃப் வில்லியம்ஸ் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1981இல் ஓர் ஆய்விதழில் பிழைகளைப் பற்றியே ஒரு கட்டுரை வெளியிட்டார். இதில் வேண்டுமென்றே நூறு பிழைகளை ஒளித்து வைத்திருக்கிறேன், எத்தனையைக் கவனித்தீர்கள் என்று கட்டுரையின் முடிவில் கேட்டார். படித்தவர்கள் எல்லோரும் பிழை திருத்துவதையே தொழிலாகக் கொண்டவர்கள். பேராசிரியர் எழுதியது என்பதால் பிழையைத் தேடவில்லை. தேடாததால் கண்ணில் படவில்லை. இங்கேயும் வினாத்தாளில் தவறு வந்தால் அதன் பெயர் அச்சுப் பிழை. அதே தவறு விடைத்தாளில் வந்தால் அறியாமை.

இனி, பகிர்தல். திருத்தும் அறைக்குள் படித்துச் சிரித்து அங்கேயே மறந்துபோன காலம் ஒன்று இருந்தது. இப்போது தாளைக் கைப்பேசியில் படமெடுத்து வாட்ஸ்அப்பில் போடுகிறார்கள். தாள் யாருடையது என்பதில் சட்டம் ஓரளவு தெளிவாகப் பேசியிருக்கிறது. திருத்தப்பட்ட விடைத்தாள் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் வரும், எழுதியவருக்கு அதைப் பார்க்கும் உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2011இல் சிபிஎஸ்இ தொடர்பான வழக்கில் தீர்ப்பளித்தது. திருத்தியவரின் அடையாளம் வெளிப்படக் கூடாது என்றும் அதே தீர்ப்பு சொன்னது. அமெரிக்காவில் 1974ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, மாணவரின் கல்விப் பதிவுகளை அவர் இசைவின்றி வெளியிடுவதைக் கட்டுப்படுத்துகிறது. ஆகவே அங்குள்ள ஆசிரியர்கள் வரியை மட்டும், அதுவும் மாற்றி, சொல்கிறார்கள்.

டம்மி எண் இருக்கிறதே, யாருக்குத் தெரியும் என்பார்கள். கையெழுத்துக்கு டம்மி கிடையாது. மலைக் கல்லூரிகளில் ஒரு துறைக்கு மாணவர்கள் சொற்பம். மூன்றாண்டு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்களுக்குப் பக்கத்துப் பிள்ளையின் 'ழ' எப்படி வளையும் என்று தெரியும். சமவெளியில் ஒரு குழுவில் போட்ட படம் இரண்டு மூன்று கை மாறி எருமாடு, மஞ்சூர் போன்ற மலையூர்களுக்கு ஏறி வருவதற்கு, பஸ் கொண்டை ஊசி வளைவுகளைக் கடக்கும் நேரம்கூட ஆகாது. மறுபருவத்தில் அந்தப் பிள்ளை என்ன செய்யும்? தனக்குத் தோன்றியதை எழுதாது. கைடில் உள்ளதை மட்டும் எழுதும். திருத்துபவருக்கு இன்னும் ஒரு சலிப்பான தாள் கூடும். தேயிலை பறிக்கும் குறிஞ்சி நிலம் போய்விடும். என் எடுத்துக்காட்டுகளை நானே அமைத்ததற்குக் காரணம் இதுதான். இப்படி அமைத்துச் சொல்வதால் விளக்கத்துக்கு ஒரு குறையும் வந்ததாகத் தெரியவில்லை; சிரிப்பில் வேண்டுமானால் கொஞ்சம் குறைந்திருக்கலாம்.

நாம் சிரிக்கவே சிரிக்காத பிழைகளும் உண்டு. 'ஊட்டியை 1819இல் ஜான் சல்லிவன் கண்டுபிடித்தார்.' இந்த வரியைப் படித்து எந்தத் திருத்துநரும் பேனாவை நிறுத்த மாட்டார். சல்லிவன் அன்றைய கோயம்புத்தூர் ஆட்சியர். அவருக்கு முந்திய ஆண்டே அவருடைய உதவியாளர்கள் விஷ், கிண்டர்ஸ்லி இருவரும் மலையேறிவிட்டார்கள். 1812இல் கீஸ், மக்மஹோன் என்ற நில அளவையாளர்கள் வந்து போனார்கள். 1603இல் ஃபெனிசியோ என்ற பாதிரியார் மலபார்ப் பக்கத்திலிருந்து ஏறி வந்து தோடர்களைச் சந்தித்து எழுதி வைத்திருக்கிறார். இவர்கள் எல்லோரும் வந்தபோது தோடரும் கோத்தரும் குறும்பரும் படுகரும் இங்கே எருமை மேய்த்துக்கொண்டும், பாண்டம் வனைந்துகொண்டும், தேன் எடுத்துக்கொண்டும், சாமை விதைத்துக்கொண்டும்தான் இருந்தார்கள். சல்லிவன் 1822இல் கட்டத் தொடங்கிய கல் பங்களாவில்தான் 1955இலிருந்து உதகை அரசு கலைக் கல்லூரி நடக்கிறது. அவர் மேல் ஊருக்கு நன்றி இருப்பது இயல்பு. ஆனால் இந்த நிலம் தோடர்களுக்கு உரியது என்று மேலிடத்தோடு வாதாடியவரும் அதே சல்லிவன்தான். கண்டுபிடித்ததாகச் சொல்லப்படும் இடத்துக்கு உரியவர்கள் அங்கேயே இருந்தார்கள் என்பது அவருக்கே தெரிந்திருந்தது. சுற்றுலாக் கையேடு முதல் வழிகாட்டிப் பலகை வரை எல்லாவற்றிலும் அந்த வரி அப்படியே இருக்கிறது. தோடர் வீட்டுப் பிள்ளையும் தேர்வில் அதைத்தான் எழுத வேண்டியிருக்கிறது. எழுதினால் இரண்டுக்கு இரண்டு.